ஊரே பாடம்: தொடக்க வகுப்பு ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

சூழ்நிலையியலில் 'நம் ஊர்', 'நமக்கு உதவுவோர்' போன்ற பாடங்கள் நடக்கும் மாதங்களில் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன: செயல்பாடு நடத்தினால் சத்தம் மிஞ்சுகிறது, பாடம் மிஞ்சுவதில்லை. அப்படி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

மூன்றாம் வகுப்பில் ஊர் வரைபடம் வரையச் சொன்னால், ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை, பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன் என்று எல்லாரும் ஒன்றையே வரைகிறார்கள். வரைபடம் என்றால் என்ன என்பதை எப்படிப் புரியவைப்பது?
– இடைநிலை ஆசிரியை, தேனி மாவட்டம்

தேனியில் மலை இருப்பது உண்மைதான்; அதனால் அந்தப் படத்தை முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது! ஆனால் அவர்கள் வரைந்தது காட்சி. வரைபடம் என்பது மேலிருந்து பார்ப்பது. எட்டு வயதுப் பிள்ளை ஊரை மேலிருந்து பார்த்ததே இல்லை. அதனால் ஊரிலிருந்து தொடங்காதீர்கள், டம்ளரிலிருந்து தொடங்குங்கள்.

முதல் நாள் ஒரு டம்ளர், ஒரு டஸ்டர், ஒரு தீப்பெட்டி போதும். ஒவ்வொன்றையும் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். பொருளை எடுத்ததும் வட்டமும் செவ்வகங்களும் நிற்கும். எது எதன் 'தடம்' என்று பக்கத்துக் குழு கண்டுபிடிக்க வேண்டும். மேலிருந்து பார்ப்பது என்ற கருத்து இந்த இருபது நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைத்துக் காட்டத் தேவையில்லை. ஏறினால் பிள்ளைக்கு ஏறியதுதான் நினைவிருக்கும்.

இரண்டாம் நாள் வகுப்பறை. தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய செவ்வகம் போட்டு, முதலில் கதவை மட்டும் குறியுங்கள். மேசை, அலமாரி, தண்ணீர்க் குடம் ஆகியவற்றுக்குப் பதிலாகத் தீப்பெட்டிகளைப் பிள்ளைகளே வைக்கட்டும். எல்லாம் வைத்தபின் ஒரு சோதனை: அறைக்குள் எங்காவது ஒரு பென்சிலை ஒளித்துவைத்து, தரைப்படத்தில் அந்த இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். படத்தைப் பார்த்துப் பென்சிலை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டது. எடுக்க முடியாதவர்களை அடுத்த படிக்குக் கொண்டுபோவதில் பயனில்லை. இதையே இன்னொரு நாள் பள்ளி வளாகத்தை வைத்துச் செய்யுங்கள்.

மூன்றாவது படி, தெருவில் நடப்பது. போக வர அரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். குழுவுக்கு ஐந்து பேர், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு வேலை. ஒரு குழு தப்படி எண்ணும். ஒன்று திருப்பங்களைக் குறிக்கும். ஒன்று குழாய், கிணறு, அடிபம்பு. ஒன்று கடைகள். ஒன்று மரங்கள். ஒன்று, அந்த நேரத்தில் தெருவில் யார் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை எழுதும். எல்லாரும் எல்லாவற்றையும் குறிக்கட்டும் என்று விட்டால், எல்லாரும் முதல் ஆளின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள்.

தப்படி எண்ணிக்கை முப்பதைத் தாண்டியதும் குழம்பும். பக்கத்தில் ஒருவன் வேறு எண்ணைச் சத்தமாகச் சொன்னால் தீர்ந்தது. அதற்கு ஒரு வழி உண்டு. ஒருவர் பத்துப் பத்தாக எண்ணுவார். ஒவ்வொரு பத்துக்கும் இன்னொருவர் ஒரு புளியங்கொட்டையைத் தீப்பெட்டிக்குள் போடுவார். திரும்பி வந்ததும் கொட்டையை எண்ணிப் பத்தால் பெருக்கினால் போதும்.

பிறகு தாள். சார்ட் ஒன்று 22 அங்குலம் அகலம், 28 அங்குலம் நீளம் இருக்கும். நான்கைப் பின்பக்கமாக ஒட்டினால் ஏறக்குறைய 112 செ.மீ.க்கு 142 செ.மீ. கிடைக்கும். பத்துத் தப்படிக்கு 2 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் ஒரு தப்படி ஏறக்குறைய அரை மீட்டர். 200 மீட்டர் தெரு 400 தப்படி வரும், தாளில் 80 செ.மீ. பிடிக்கும். தாராளமாக அடங்கும். முதலில் தெருக்கோடுகளை மட்டும் போட்டு, வீடு, கடை எல்லாவற்றையும் தனித்தனிச் சிறு காகிதத்தில் வரைந்து வெட்டி, ஒட்டாமல் வைத்துப் பாருங்கள். "அது அங்க இல்ல டீச்சர், டீக்கடைக்கு இந்தப் பக்கம்" என்று பத்து நிமிடம் சண்டை நடக்கும். பாடம் அந்தச் சண்டையில்தான் இருக்கிறது; நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். தீராவிட்டால் மறுநாள் காலையில் அந்த இரண்டு பேரும் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். சண்டை ஓய்ந்தபிறகு ஒட்டலாம்.

திசையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தாளை உடனே சுவரில் மாட்டிவிடுவதே காரணம். நம் ஊர்களில் மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு, கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு. சுவரில் மாட்டியதும் பிள்ளை மேலத்தெருவைத் தாளின் மேற்புறத்தில், அதாவது வடக்கில், தேடும். படம் முடியும்வரை தாள் தரையிலேயே கிடக்கட்டும். காலையில் சூரியன் வந்த பக்கத்துக்கு நேராகத் தாளின் கிழக்கைத் திருப்பி வையுங்கள். தாளில் கீழத்தெரு இருக்கும் பக்கம் கையை நீட்டினால் வாசலுக்கு வெளியே உண்மையான கீழத்தெரு இருக்க வேண்டும். ஒரு வாரம் தரையில் புழங்கியபிறகு சுவருக்குப் போகலாம்.

தெர்மாகோலில் மாதிரி செய்து வரச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அதைச் செய்வது அப்பாவோ ஸ்டேஷனரிக் கடைக்காரரோதான்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. பிள்ளைகளை வெளியே அழைத்துப்போகப் பயமாக இருக்கிறது. 'எண்ணும் எழுத்தும்' பாடவேளைகள் போக நேரமும் இல்லை.
– தலைமையாசிரியர், சிவகங்கை மாவட்டம்

பயம் நியாயமானது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கை விட்டுக்கொடுக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரை அழைத்துக்கொள்ளுங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் காவலுக்கு நிறுத்தக் கூடாது, அவர்களும் பிள்ளைகளே. முந்தைய நாள் அதே நேரத்தில் அதே வழியை நீங்கள் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும்: கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, குட்டி போட்ட நாய், லாரி திரும்பும் முக்கு, தொங்கும் மின்கம்பி. மதிய வெயிலைத் தவிர்த்து, காலை முதல் பாடவேளையில் போய் வந்துவிடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை எண்ணுங்கள். பெற்றோர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

நேரத்தைப் பற்றி: பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் பழக்க அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு இந்த வேலை போட்டி இல்லை, தீனி. தெருவில் எண்ணிய குழாயும் மரமும் கணக்குப் பாடவேளைக்குப் போகும். கடைப் பலகைகளில் பார்த்த சொற்கள் தமிழ்ப் பாடவேளைக்குப் போகும். அந்தத் திட்டத்தின் மூன்று கற்றல் நிலைகளில், தொடக்கமான அரும்பு நிலைப் பிள்ளை படம் வரையட்டும், மொட்டு நிலையில் இருப்பவர் பெயர் எழுதட்டும், மலர் நிலையில் இருப்பவர் ஒரு வாக்கியம் எழுதட்டும். ஆனால் தெருவில் நடக்கும் குழுவை நிலைவாரியாகப் பிரிக்காதீர்கள். எழுதத் தடுமாறும் பிள்ளைதான் பல நேரங்களில் ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த பிள்ளையாக இருக்கும்.

'நமக்கு உதவுவோர்' பாடத்துக்காக என் மகளுக்கு டாக்டர் வேடம் போட்டு அனுப்பச் சொன்னார்கள். வாடகை உடைக்கே பணம் கரைகிறது. இதில் என்ன கற்றுக்கொள்கிறாள்?
– ஒரு தாய், மதுரை

வெள்ளைக் கோட்டு வெள்ளையாக இருக்கும் என்பதைக் கற்றுக்கொள்கிறாள்! உடையைப் பார்த்துத் தொழிலை அடையாளம் காண்பதை அங்கன்வாடியிலேயே முடித்துவிடலாம். இன்னொன்று, வேடம் என்றால் டாக்டர், போலீஸ், வக்கீல் ஆகியோரே வருவார்கள். தினமும் பார்க்கும் தூய்மைக் காவலரோ தண்ணீர்த் தொட்டி திறந்துவிடுபவரோ வருவதில்லை. இந்தப் பதிலை மகளின் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஆசிரியர்களுக்கு இரண்டு மாற்று வழிகள் சொல்கிறோம்.

ஒன்று, கருவிப் பை. ஒரு துணிப் பைக்குள் கொத்தனாரின் கரணை, தூக்குக்குண்டு, தையல்காரரின் டேப், பூக்காரரின் நார், கண்டக்டரின் விசில் என்று போட்டு, பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். யாருடையது, எதற்கு என்று சொல்ல வேண்டும். கூர்மையான கருவி எதுவும் பைக்குள் போகக் கூடாது. கத்தரிக்கோலை ஆசிரியர் கையில் வைத்துக் காட்டலாம். தூக்குக்குண்டு கிடைத்தால் உடனே வகுப்புச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்று மீட்டர் சுவருக்கும் நூலுக்கும் நடுவில் கீழே ஒரு விரல், மேலே இரண்டு விரல் இடைவெளி என்றால், கொத்தனார் எவ்வளவு கவனமாக வேலை செய்ய வேண்டும் என்பதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆளையே அழைப்பது. பள்ளியின் சத்துணவு சமையலரிடமிருந்து தொடங்குங்கள். அவர் அங்கேயே இருக்கிறார். அடுத்து தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர், வயர்மேன், கிராம சுகாதாரச் செவிலியர். பதினைந்து நிமிடம் போதும், அவர் வேலை கெடக் கூடாது. வருபவருக்கு நாற்காலி போட்டு, முதலில் தண்ணீர் கொடுக்கப் பழக்குங்கள். அண்ணன், அக்கா, பெரியம்மா, தாத்தா என்று வயதுக்குத் தக்க முறை வைத்துத்தான் பேச வேண்டும். தலைமையாசிரியரைச் 'சார்' என்று அழைத்துவிட்டுத் தூய்மைக் காவலரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் பிள்ளைகளுக்குத் தானாக வருவதில்லை, பெரியவர்களைப் பார்த்து வருகிறது. அதனால் அன்று நீங்கள் அவரை எப்படி அழைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் இருக்கட்டும்.

தயாரிக்காமல் விட்டால் எல்லாரும் "உங்க பேரு என்ன?", "உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா?" என்றுதான் கேட்பார்கள். பெயர், ஆமாம், முடிந்தது. முந்தைய நாளே கேள்விகளை எழுதி, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து, ஒரு பிள்ளையை விருந்தாளியாக உட்காரவைத்து ஒத்திகை பாருங்கள். நன்றாகப் பலன் தரும் கேள்விகள் இவை: "காலையில வேலைக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?" "என்னென்ன சாமான் வேணும்?" "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" "நீங்க ஒரு நாள் வரலைன்னா என்ன ஆகும்?" "எங்களால உங்களுக்கு என்ன தொந்தரவு?" கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். தட்டில் மிச்சம் வைப்பது, குழாயை மூடாமல் போவது, கண்ணாடித் துண்டைக் குப்பையோடு போடுவது என்று பதில் நேராகப் பிள்ளைகளுக்கே வரும். ஒரு மாதம் அறிவுரை சொன்னாலும் அப்படி உறைக்காது.

தொட்டி இயக்குபவர் வந்தால் கணக்கும் சேரும். மேல்நிலைத் தொட்டியில் கொள்ளளவு எழுதியிருக்கும். 30,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் 2,000 குடம். ஊரில் 200 வீடு இருந்தால் வீட்டுக்கு 10 குடம். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் போட்டுவிடுவார்கள். அடுத்து, "எங்க வீட்டுக்கு ஆறு குடம்தான் வருது" என்பார்கள். அதை மறுக்க வேண்டாம். மேட்டுத் தெருவில் அழுத்தம் ஏன் குறைகிறது, வழியில் எங்கே கசிகிறது என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் வகுப்பில் சந்தை விளையாட்டு நடத்தினேன். எல்லாரும் மிட்டாய்க் கடைக்கு ஓடினார்கள், காய்கறிக் கடைக்காரன் அழுதான். சில்லறை கொடுத்து வாங்குவதும் நடக்கவே இல்லை.
– ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

இரண்டுமே ஏற்பாட்டில் வந்த கோளாறுகள். வகுப்பில் 30 பேர் என்று வைத்துக் கணக்குச் சொல்கிறோம். கடை ஐந்து; கடைக்கு மூவர்: விற்பவர், பணம் வாங்குபவர், கணக்கு எழுதுபவர். மீதிப் பதினைந்து பேர் வாங்குபவர்கள். கால் மணி நேரம் கழித்து மணி அடித்துப் பக்கம் மாற்றுங்கள்.

கூட்டம் ஒரே கடையில் மொய்ப்பதைத் தடுப்பது சீட்டு. வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்து அம்மா எழுதிக் கொடுத்ததுபோல ஒரு சீட்டு, அதில் மூன்று பொருள், மூன்றும் வேறுவேறு கடை, மொத்தம் ஐம்பது ரூபாய்க்குள். முதல் பொருள் எல்லாச் சீட்டிலும் ஒரே கடையாக இருந்துவிடாமல் மாற்றி மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

சில்லறை ஏன் புழங்கவில்லை என்றால், வாங்குபவர் கையிலேயே எல்லாச் சில்லறையும் இருந்திருக்கும். விலையும் பத்து, இருபது என்று இருந்திருக்கும். வாங்குபவருக்கு இரண்டு இருபது, ஒரு பத்து மட்டும் கொடுங்கள். கடைப் பெட்டியில் இரண்டு பத்து, நான்கு ஐந்து, ஐந்து இரண்டு, பத்து ஒன்று, ஆக 60 ரூபாய். விலைகள் 7, 12, 16 என்று இருக்கட்டும். இப்போது மீதி கொடுக்காமல் ஒரு வியாபாரமும் நகராது. முடிவில் எல்லாப் பணத்தையும் ஒன்றாகக் கொட்டி எண்ணுங்கள்: வாங்குபவர் பதினைந்து பேரிடம் தொடக்கத்தில் 750, ஐந்து கடைகளில் 300, மொத்தம் 1,050. எந்தக் கைக்கு மாறினாலும் இந்தத் தொகை மாறக் கூடாது. குறைந்தால் பாய்க்கு அடியில் தேடுங்கள். இரண்டாவது சுற்றுக்கு முன் பணத்தைப் பழையபடி பிரித்துவைக்க மறக்க வேண்டாம். பேரம் பேசுவதை இரண்டாவது சுற்றில் மட்டும் அனுமதியுங்கள். முதல் சுற்றிலேயே விட்டால், கணக்கு எழுதுபவர் பாடு திண்டாட்டம்.

தராசை வாங்காமல் செய்வது நல்லது. இரண்டடி நீள மூங்கில் குச்சியின் நடுவில் கத்தியால் ஒரு பள்ளம் வெட்டிக் கயிறு கட்டுங்கள். பள்ளம் இல்லாவிட்டால் கயிறு நகர்ந்து தராசு பொய் சொல்லும். இரு முனைகளிலும் ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்கள். எடைக்கல்லும் பிள்ளைகளே செய்யலாம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் ஒரு பையில் மணல் போட்டுச் சமமாக்கினால் கிலோ கல் தயார். அதேபோல் இன்னொரு கிலோ மணல் எடுத்து, அதை இரண்டு தட்டுக்கும் சமமாகப் பிரித்தால் இரண்டு அரைக் கிலோ. ஒரு அரைக் கிலோவை மீண்டும் பிரித்தால் இரண்டு கால் கிலோ. 'பாதி', 'கால்' என்பதைக் கரும்பலகையில் வட்டம் வரைந்து கற்றதைவிட இது கையில் நிற்கும். தராசு நேர்மையானதா என்று அறிய, இரு தட்டிலும் உள்ள பொருளை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியபின்னும் சமமாக நின்றால் சரி.

ஊரோடு இணைக்க ஒரு வீட்டு வேலை: தெருவில் காய் விற்பவரிடம் ஒரே ஒரு காயைப் பற்றி, "இது எங்கேருந்து வருது?" என்று கேட்டு வர வேண்டும். உங்கள் மாவட்டத்தில் பல பதில்கள் ஒட்டன்சத்திரம் சந்தையில் போய் நிற்கும். அங்கே வருவதற்கு முன் எந்தத் தோட்டம், அங்கிருந்து லாரி கேரளாவுக்கும் போகிறதா என்று நூல் பிடித்துப் போகலாம்.

வரைபடத்தில் பிள்ளைகள் தெருக்களுக்குச் சாதிப் பெயரை எழுதுகிறார்கள். ஊருக்குத் தள்ளி இருக்கும் குடியிருப்பை யாரும் வரையவே இல்லை. அங்கிருந்து வரும் நான்கு பிள்ளைகளும் வரையவில்லை. கண்டும் காணாமல் விடுவதா?
– ஆசிரியர், பெயரும் மாவட்டமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

விடக் கூடாது. அதே நேரம், வகுப்பு நடுவில் நின்று "ஏன் அதை வரையவில்லை?" என்று கேட்கவும் கூடாது. அந்த நான்கு பிள்ளைகளின் மேல்தான் எல்லாக் கண்ணும் திரும்பும். வரையாமல் விட்டது அவர்களுக்கும் பழகிப்போன ஒன்று. அதை ஏற்பாட்டால்தான் மாற்ற முடியும்.

வரைவதற்கு முன்பே வழியை நீங்கள் முடிவு செய்துவிடுங்கள். இரண்டு நாளாகப் பிரித்தாவது, வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் வீட்டுப் பக்கமும் நடை போக வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அங்கே இருப்பவரே வழிகாட்டி. அவர் கையில் ஒரு கொடி. குழுக்கள் எல்லாத் தெருவும் கலந்ததாக இருக்கட்டும். தலைமையாசிரியருக்கும் மேலாண்மைக் குழுவுக்கும் முன்பே சொல்லிவையுங்கள். அங்கே போகலாமா என்று எவரேனும் கேட்டால், வகுப்புப் பிள்ளைகளின் வீடு இருக்கும் எல்லா இடத்துக்கும் போகிறோம் என்ற ஒரே பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயரைப் பொறுத்தவரை, வரைபடத்துக்கு ஒரு விதி வையுங்கள்: கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும். வேப்பமரத் தெரு, தொட்டித் தெரு, ரேஷன் கடைத் தெரு, பள்ளிக்கூடத் தெரு. சாதியைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் விதிப்படி அது தானே விழுந்துவிடும். "வீட்ல அப்படித்தான் சொல்றாங்க" என்று ஒரு பிள்ளை சொன்னால், "நம்ம படத்துல மரமும் தொட்டியும்தான் பேரு" என்பது போதும். பெற்றோர் கேள்வி எழுப்பினால் அரசின் நிலைப்பாடும் உங்களுக்குத் துணை நிற்கும்: 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், தெருக்களின் சாதிப் பெயர்களை நீக்கவும் அரசு ஆணையிட்டிருக்கிறது.

வரைபடம் முடிந்ததும் வண்ணப் பொட்டு ஒட்டுங்கள். நீலம் குழாய், மஞ்சள் தெருவிளக்கு, பச்சை கடை. முடிந்ததும் நீங்கள் எதுவும் சொல்லாமல் "என்ன தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். "அங்க ஒரே ஒரு மஞ்சள்தான் இருக்கு" என்று யாராவது சொல்வார்கள். ஏன் என்ற கேள்விக்கு எட்டு வயதுப் பிள்ளையிடம் நீங்கள் வரலாறு சொல்லத் தேவையில்லை. அந்தக் கேள்வி எழுத்தில் போய் வார்டு உறுப்பினரிடம் கேட்கப்படட்டும். பதிலளிக்க வேண்டியவர் அவர்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று வரிசையாக எழுப்பிக் கேட்கும் வழக்கத்தை இந்தப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அப்பா இல்லாத பிள்ளை, குடியால் வேலை போன அப்பாவின் பிள்ளை, சாதியோடு ஒட்டிய தொழில் செய்பவரின் பிள்ளை, எல்லாரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். "உங்க வீட்ல இருக்கிற ஒருத்தர் எதை ரொம்ப நல்லா செய்வார்?" என்று கேட்டால், ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கும் பாட்டி, ஓலை முடையும் அத்தை, வண்டி பஞ்சர் ஒட்டும் அண்ணன் என்று பட்டியல் நீளும். யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை.

அஞ்சல் அலுவலகம் பற்றிய பாடம். இப்போது கடிதமே யாரும் எழுதுவதில்லையே, இதை எப்படி நடத்துவது?
– ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பிள்ளை தன் வீட்டுக்கே ஒரு அஞ்சலட்டை எழுதட்டும். அட்டை 50 பைசா. முப்பது பேருக்குப் பதினைந்து ரூபாய். கிளை அஞ்சலகத்தில் அத்தனை அட்டை கையிருப்பு இருக்காது, ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள்.

பெரும்பாலும் கெடுவது முகவரியில். பிள்ளைகள் முகவரிக்கான வலப்பக்கத்திலும் செய்தியை நிரப்பிவிடுவார்கள். அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன் அதே அளவுத் தாளில், நடுவில் கோடு போட்டு, ஒருமுறை எழுதிப் பழகட்டும். வீட்டுப் பெரியவரின் பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு. 'அஞ்சல்' என்பது தங்கள் ஊர்தானா பக்கத்து ஊரா என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டு ஆதார் அட்டையைப் பார்த்து எழுதி வரச் சொல்லலாம், ஆதார் எண்ணை எழுத வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பின்கோடு 1972 ஆகஸ்டு 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு இலக்கங்களில் முதலாவது மண்டலம். தமிழ்நாடு, கேரளம், (ஏனாம் நீங்கலாகப்) புதுச்சேரி எல்லாவற்றுக்கும் 6. கடைசி மூன்றும் கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் குறிக்கும். வெளியூர் உறவினரின் பின்கோடு ஒன்றைக் கேட்டு வரச் சொல்லி, எந்த இலக்கத்திலிருந்து மாறுகிறது என்று ஒப்பிடுங்கள்.

எல்லா அட்டையிலும் போட்ட தேதியை ஒரு சுவர்ப் பட்டியலில் எழுதிவைத்து, வீட்டுக்கு வந்த நாளையும் குறியுங்கள். வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிறு குறுக்கே வரும். திங்கள் அல்லது செவ்வாய் போடுங்கள். ஒன்றிரண்டு அட்டை வராமலே போகும். அந்தப் பிள்ளைக்காக நீங்கள் ஒன்று எழுதிப் போட்டுவிடுங்கள்.

வகுப்பில் தேர்தல் நடத்தினால் முதல் மதிப்பெண் எடுப்பவரே எப்போதும் ஜெயிக்கிறார்.
– ஆசிரியர், ஈரோடு மாவட்டம்

'வகுப்புத் தலைவர்' என்று ஒரே பதவி வைத்தால் அப்படித்தான் நடக்கும். பதவியை வேலையாக உடைத்துவிடுங்கள்: தண்ணீர்க் குடம், செடிகள், நூலக மூலை, விளையாட்டுச் சாமான். ஒவ்வொன்றுக்கும் தனி வாக்கெடுப்பு, ஒரு மாதப் பதவிக்காலம். வேட்பாளர் 'என்ன செய்வேன்' என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். வாக்குச் சீட்டில் பெயருக்குப் பதில் சின்னம். செருப்புப் பெட்டியில் துளை போட்டால் வாக்குப் பெட்டி. மறைவுக்கு ஒரு போர்வை. கையைத் தூக்கச் சொல்லி எண்ணாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்துத் தூக்குவார்கள். ஐந்தாம் வகுப்பாக இருந்தால், ஜெயித்தவர்கள் பள்ளிக்குத் தேவையான ஒன்றை மனுவாக எழுதிக் கிராம சபைக்குக் கொடுக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. பத்துக் கோரிக்கை எழுதினால் ஒன்றும் நடக்காது.

சார்ட் ஒட்ட பெவிகால் கட்டுப்படியாகவில்லை. மைதாப் பசை இரண்டே நாளில் நாறுகிறது. மயில்துத்தம் கலக்கலாமா?
– தன்னார்வலர், விழுப்புரம் மாவட்டம்

கலக்கவே கூடாது. சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சிக்காகக் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள். அளவைக் குறைத்துக்கொள்வதுதான் வழி. கால் கப் மைதாவை அரைக் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, முக்கால் கப் கொதிநீரில் ஊற்றிச் சிறு தீயில் கிளறுங்கள். நான்கைந்து நிமிடத்தில் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகும், இறக்கிவிடலாம். வெந்நீரில் நேராக மாவைப் போட்டால் கட்டி தட்டும். வேகாமல் இறக்கினால் காய்ந்ததும் உதிரும். ஒரு வகுப்பின் ஒரு நாள் வேலைக்கு இந்த அளவு சரியாக இருக்கும். மிஞ்சியதை எடுத்துவைக்காமல் அன்றே கொட்டிவிடுங்கள். சார்ட் சுருங்காமல் இருக்க, தாள் முழுக்கத் தடவாமல் விளிம்பிலும் நடுவிலும் மட்டும் மெல்லியதாகத் தடவி, மேலே நோட்டுப் புத்தகங்களை அடுக்கி மறுநாள் எடுங்கள்.